பாட்டைப் பிடித்து நிறுத்திய படங்கள்

“சிரிச்சவங்க பேரை எழுதிக் கொண்டாந்திருக்கேன் டீச்சர். ஏழு பேரு. இவங்க இருக்கிற இடத்துக்கு இனிமே நான் வர மாட்டேன்.”

உலகநாதன் காகிதத்தை மேசைமேல் அறைந்து வைத்தார்.

செசிலி டீச்சர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

தாங்களே கணினி விளையாட்டுகளை உருவாக்கி மகிழ்வோர் சிலர் தூத்துக்குடியில் ஒரு நூலகத்தின் மாடியறையில் கூடுவது வழக்கம். செசிலி பள்ளியில் கணிதம் நடத்துபவர், வயது முப்பத்தாறு. அந்த அறையில் எல்லோருக்கும் அவரே ஆசான். உலகநாதனுக்கு ஐம்பத்தொன்பது. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். தம்மைவிட இளையவரிடம் கற்றுக்கொள்ள அவர் கூசியதில்லை. அந்த இளையவரிடம் கோபித்துக்கொள்ளவும் கூசியதில்லை.

“எதுக்குச் சிரிச்சாங்க அண்ணாச்சி?”

“எதுக்கா? நீங்களும் அங்கதானே இருந்தீங்க!”

“இருந்தேன். உங்க வாயால கேக்கணும்.”

“என் தங்கச்சி பவளம் திக்குவா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அதைப் பார்த்துச் சிரிக்கிறதுன்னா எப்பேர்ப்பட்ட மனசு வேணும்!”

நடந்தது இதுதான். உலகநாதன் செய்த ஆட்டத்தில் ஒரு படகைப் பாறைகளுக்கிடையே செலுத்திக் கரை சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால், கரையில் நிற்கும் பெண் இரண்டு நிமிடம் பாடுவாள். குரல் பவளத்தினுடையது. முகமும் அவளுடையதே. ஆயிரத்து நானூற்று நாற்பது படங்கள். ஒன்பது மாத உழைப்பு. அத்தனையும் அவர் கையால் வரைந்தவை. சென்ற ஞாயிறன்று அதை முதன்முறையாக எல்லோர் முன்னும் ஓட்டிக் காட்டினார். பவளம் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். பாட்டு பாதி தாண்டுமுன்னே அறையில் சிரிப்பு எழுந்தது.

“பாட்டு எப்படி ஓடிச்சு?” என்று கேட்டார் செசிலி.

“நல்லாத்தான் ஓடிச்சு.”

“கேட்டீங்களா?”

“படத்தை எண்ணிக்கிட்டிருந்தேன். ஒண்ணுகூட விட்டுப்போகல.”

“இந்தப் பழைய கம்ப்யூட்டர் அவ்வளவு வேகமாப் படம் மாத்தாதே?”

“மாத்தாது. பாட்டு முன்னால ஓடிருது, படம் பின்தங்கிருது. அதுக்கு நானே ஒரு வழி பண்ணிட்டேன். பின்தங்குற இடத்துல எல்லாம் பாட்டு கண்ணிமைக்கிற நேரம் நிக்கும். படம் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும்.” அந்தக் கோபத்திலும் உலகநாதனின் குரலில் பெருமை தெரிந்தது.

“நேரத்துக்கு வராத படத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரலாமே.”

“விடுறதா?”

அவர் எழுந்தே விட்டார்.

“முப்பத்துநாலு வருஷம் வரைபடம் வரைஞ்சவன் நான். ஒரு வரப்பை விட்டா ஒருத்தன் நிலம் இன்னொருத்தனுக்குப் போயிரும். ஒரு கோடு விட்டதில்ல டீச்சர், ஒரு புள்ளி விட்டதில்ல! என்கிட்ட வந்து படத்தை விடச் சொல்லுதியளே!”

“சரி, உக்காருங்க. பவளம் என்ன சொன்னாங்க?”

உலகநாதன் உட்காரவில்லை. ஆனால் குரல் இறங்கியது.

“என் குரலை எடுத்திருன்னா. வர்ற ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள்லாம் விளையாட வருதுல்ல, அதுக்குள்ள எடுத்திரணுமாம். இனிமே வீட்டுலகூடப் பாட மாட்டாளாம்.” மேசைமேல் கிடந்த காகிதத்தை விரலால் குத்தினார். “அம்பது வயசு வரைக்கும் சுவத்துக்கு மட்டும் பாடுனவ. நான் கெஞ்சிக் கேட்டதாலதான் மைக்கு முன்னால நின்னா. இந்த ஏழு பேரும் சேர்ந்து அவ வாயை அடைச்சுட்டாங்க.”

செசிலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்.”

“எனக்கு வேண்டாம்.”

“எனக்கு வேணும்.”

இருவரும் தெருவில் இறங்கினார்கள். உலகநாதன் முன்னே நடந்தார். நான்கு அடி வைத்ததும், பின்னாலிருந்து செசிலி அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம் அண்ணாச்சி. செருப்பு வார் கழண்டுட்டு.”

குனிந்து மாட்டிக்கொண்டார். நடந்தார்கள்.

நான்கு அடி. மீண்டும் சட்டை.

“ஒரு நிமிஷம்.”

உலகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் முறை பேசாமல் நின்றார். நான்காம் முறை வானத்தைப் பார்த்தார். ஐந்தாம் முறை அவர் காலைத் தூக்கியிருந்த நேரம். செசிலி பிடித்த பிடியில் தடுமாறி, ஒற்றைக் காலில் இருமுறை குதித்து, கைகளை வீசித்தான் நிமிர முடிந்தது.

தேநீர்க் கடை வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, நடை பழகுதியளா?” என்று ஒருவர் கேட்டார்.

உலகநாதனின் முகம் சிவந்தது.

“சட்டையை விடுங்க டீச்சர்!”

“என்மேல எதுக்குக் கோவம்? சிரிச்சது அவங்க. பேரைக் கேட்டு எழுதிக்கோங்க.”

“அவங்க என்ன செய்வாங்க? பார்க்கிறவன் கண்ணுக்கு நான் தடுமாறுறதுதான் தெரியும். பிடிச்சு இழுக்குறது நீங்கதானே! நான் ஒழுங்கா நடக்கிறவன்!”

“ஆமா. ஒழுங்காத்தான் நடப்பீங்க.”

செசிலி கையை எடுத்தார்.

“பவளம் பாடும்போது திக்குவாங்களா?”

“பாடும்போதா? யாரு சொன்னது?” கடைக்காரரே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உலகநாதன் குரல் உயர்ந்தது. “பேச்சுலதான் அவளுக்குச் சிரமம். பாட்டுல ஒரு எழுத்து உடைஞ்சதில்ல. ஒருநாளும் கிடையாது! நம்பலைன்னா இப்பவே வீட்டுக்கு வாங்க, அவளைப் பாடச் சொல்லி…”

நின்றுவிட்டார்.

இப்போது அவர் சட்டையை யாரும் பிடித்திருக்கவில்லை.

தேநீர் வந்தது. செசிலி ஊதிக் குடித்தார். உலகநாதன் தம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஆடை படரும் வரை நின்றிருந்தார். பிறகு அவருக்குக் கோபம் மீண்டும் வந்தது. இம்முறை அது யார்மேல் என்று அவருக்கே விளங்கவில்லை.

“அப்ப என் படங்க? ஒன்பது மாசம் டீச்சர்! எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுதிய.”

“வேண்டாம். ஒண்ணும் போட வேண்டாம். பவளம் சொன்னபடி குரலை எடுத்திருங்க. படம் அத்தனையும் அப்படியே இருக்கும்.”

“குரல் இல்லாம வாயை மட்டும் அசைக்கிற படத்தை எவன் பார்ப்பான்? பாட்டுக்காகத்தானே அதுகளை வரைஞ்சேன்!”

செசிலி கோப்பையைக் கீழே வைத்தார்.

உலகநாதனும் வைத்தார். தேநீரை அவர் குடிக்கவில்லை.

மாடியறைக்குத் திரும்பிக் கணினியின் முன் அமர்ந்தார். பாட்டை நிறுத்துமாறு தாம் எழுதியிருந்த கட்டளைகள் ஆறு வரி. அவற்றை நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழாக அழித்தார். அந்த இடத்தில் இரண்டு வரி எழுதினார். பாட்டு எதற்காகவும் நிற்காது. நேரம் தவறிய படம் திரைக்கு வராது.

பிறகு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்.

பவளம் வந்தாள். தன் குரல் அழிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவே வந்தவள்போல் கதவோரமாக நின்றாள். உட்காரச் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்து மறுத்தாள்.

உலகநாதன் படகைச் செலுத்தினார். பாறைகளைக் கடந்தது. கரை வந்தது. கரையில் நின்ற பெண் வாயைத் திறந்தாள்.

பாட்டு எங்கும் நிற்கவில்லை.

கீழே நூலகத்தில் யாரோ நாற்காலியை இழுத்த ஓசை, பாதியில் நின்றது.

திரையின் மூலையில் விடுபட்ட படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நாற்பது. எழுபது. நூற்றுப்பத்து. உலகநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையோடு ஒட்டி அமர்ந்து, அவற்றைத் தேடினார். கழுத்து அசைவைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், காற்றில் பறக்கும் முந்தானையைப் பார்த்தார்.

“எது எது போச்சுன்னு தெரியுதா?” என்றார் செசிலி.

“தெரியலையே!” என்றார் அவர், அதற்கும் கோபமாக.

பாட்டின் மூன்றாவது அடிக்குப் பிறகு அவர் தேடுவதை விட்டுவிட்டார்.

பாட்டு முடிந்தது. பெண்ணின் வாயும் அதே நொடியில் மூடியது.

உலகநாதன் திரும்பினார். பவளம் கதவோரத்தில் இல்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள். திரையை உற்றுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பிறகு வந்தது.

“கு… குரல் இருக்கட்டும் அண்ணே. அந்த மூ… மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிரு.”