செங்கல்லின் மேல் ஒரு சிங்கம்

முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு நாட்டில், வீரகேது என்ற அரசருக்கு மலச்சிக்கல் வந்தது. எதிரி படையெடுத்து வந்திருந்தால்கூட அவர் அத்தனை கலங்கியிருக்க மாட்டார். காலையில் கொல்லைப்புறம் போனவர் வெயில் ஏறிய பிறகுதான் சபைக்கு வருவார். வந்ததும் யாரையாவது சிறையில் போடச் சொல்வார்.

அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார். "நெய், வறுத்த கறி, பலகாரம் எதுவும் ஆகாது, அரசே. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றார்.

அரசர் ஒப்புக்கொண்டார். மறுநாள் கூழ்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது சமையற்கூடத்திலிருந்து கறி வறுக்கும் வாசம் வந்தது. அதை வேறு யாரோ சாப்பிடப் போகிறார் என்ற நினைப்பு அவர் தொண்டையில் கூழைவிடக் கனமாக இறங்கியது. தனக்குக் கிடைக்காததை இன்னொருவர் சாதாரணமாக அனுபவிக்கும்போது வரும் எரிச்சல் எல்லோருக்கும் உண்டு. அரசர் அதை ஆணையாக்க முடிந்தவர்.

"நான் குணமாகும்வரை, இந்த அரண்மனையில் உறங்கும் எவரும் நான் உண்பதைத் தவிர வேறெதையும் உண்ணக் கூடாது" என்றார்.

அரண்மனை முழுவதும் கூழ் குடித்தது. நாட்கள் போயின. மற்றவர்கள் இளைத்தார்கள், லேசானார்கள். அரசரின் வயிறு மட்டும் கல்லாகவே இருந்தது.

அந்தச் சபையில் விகடம் பேசுவதற்கென்று ஒருத்தி இருந்தாள், மருதநங்கை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு அரண்மனைக்கு வந்தவள். அவளுக்கு ஆசனம் கிடையாது. தூண் ஓரமாக நின்றபடிதான் பேசுவாள். ஆசனம் இருந்தவர் மந்திரி உத்தமராயர். அரியணைக்கு வலப்பக்கம், கை நீட்டினால் அரசரைத் தொடும் தூரம்.

ஆனால் எதைக் கேட்டாலும் அரசரின் முகம் முதலில் தூண் பக்கம் திரும்பியது. உத்தமராயருக்கு அந்தத் திரும்பல் பழக்கமாகவே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்தியது. ஒருமுறை அவரும் அரண்மனையில் தம் அறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து, சபையில் ஒரு வேடிக்கை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் மருதநங்கை இரக்கப்பட்டுச் சிரித்தாள். அந்த இரக்கத்தை அவர் மன்னிக்கவில்லை.

இப்போது அவர் எழுந்து நின்றார். "அரசே, மருந்தில் குறையில்லை. இங்கே யாரோ விரதத்தை மீறுகிறார்கள். அந்தப் பாவம் தங்கள் வயிற்றைப் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் கூழ் குடித்தும் நம் மருதநங்கை அம்மையாரின் கன்னம் எப்படி மின்னுகிறது, பாருங்கள்."

"என் கன்னம் பிறந்ததிலிருந்து இப்படித்தான், மந்திரியாரே. உங்களுக்கு இன்றுதான் கண்ணில் பட்டதா?" என்றாள் அவள்.

சபை சிரித்தது. உத்தமராயர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அம்மையார்தான் எல்லோருக்குள்ளும் இருப்பது தமக்குத் தெரியும் என்று அடிக்கடி சொல்கிறாரே. நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் என்ன இருக்கிறதென்று அரசருக்குக் காட்டட்டும். கத்தி படக் கூடாது. யாரையும் விசாரிக்கக் கூடாது."

அரசருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "காட்டு, மருதநங்கை. நாளைக் காலை காட்டவில்லையென்றால் நீ இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. எல்லைக்கு அப்பால் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

"யார் யாருடையதைக் காட்ட வேண்டும், அரசே?"

அவள் தன்னை விலக்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று உத்தமராயர் நினைத்தார். "அரண்மனையில் உறங்கும் எல்லோருடையதும். எவருக்கும் விலக்குக் கூடாது, அரசே. தாங்களே வாயால் சொல்லிவிட வேண்டும்" என்றார்.

"எவருக்கும் விலக்கில்லை" என்றார் அரசர்.

அன்று மாலையே அவள் குயவரிடமிருந்து புதுச் சட்டிகள் வாங்கி அறைக்கு ஒன்றாக வைக்கச் சொன்னாள். விடியும்போது யாரும் கொல்லைக்குப் போகாதபடி காவலரையும் நிறுத்தினாள்.

காலையில் நந்தவனத்தில் வேப்பமரத்து நிழலில் செங்கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு செங்கல்லின் மேலும் வாழையிலை மூடிய ஒரு சட்டி. அரசர் மூக்கில் சந்தனத் துணியை வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன இது?"

"வயிற்றுக்குள் இருந்தது, அரசே. கத்தி படாமல், விசாரிக்காமல் அதுவாகவே வந்தது. பிள்ளை பெற்றவள் எவளும் விடிந்ததும் குழந்தையின் துணியைத்தான் பார்ப்பாள். பால் செரித்ததா, மண்ணைத் தின்றதா, தண்ணீர் போதவில்லையா, எல்லாம் அதில் தெரியும். வாய் பொய் சொல்லும். இதற்குச் சொல்லத் தெரியாது. யாருடையது என்று செங்கல்லில் கரியால் குறித்திருக்கிறேன். பெயர் தெரியாமல் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

அரசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் இலையைத் தூக்கினார். பழுத்த வாழைப்பழம் போல் மிருதுவாக, ஒரே துண்டாக, கீரையின் பச்சை ஓடி இருந்தது.

"இது?"

"கூழும் கீரையும் உண்டு, தண்ணீரும் குடித்தவர். இதைவிட நல்ல வயிறு கிடையாது."

அரசர் சட்டியை நகர்த்திப் பார்த்தார். உத்தமராயர் என்று எழுதியிருந்தது. மந்திரி கண்களைத் தாழ்த்திக்கொண்டார். மருதநங்கைக்கு மனசுக்குள் ஏதோ தைத்தது. அவரும் திருட்டுத்தனமாகத் தின்றிருப்பார் என்று அவள் ஆசையோடு எதிர்பார்த்திருந்தாள். இந்த மனிதர் யாரும் பார்க்காத இடத்திலும் அரசருக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். அது அரசருக்குத் தெரிய, அவளே சட்டி வைத்துத் தர வேண்டியிருந்தது.

அடுத்தது உருண்டை உருண்டையாக இருந்தது. "கீரை உண்டார், தண்ணீர் குடிக்கவில்லை" என்றாள். அதன் கீழே படைத்தலைவர் பெயர். அதற்கடுத்தது வெறும் நீராக இருந்தது.

"இவன் என்ன தின்றான்?"

"பயத்தை, அரசே. அது என்னுடையது. நாட்டைவிட்டுப் போகச் சொன்னீர்களே, நேற்றிலிருந்து வயிறு நிற்கவில்லை."

கடைசி இலையைத் தூக்கியதும் அரசர் பின்வாங்கினார். கறுத்து, பாறைபோல் இறுகி, முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்த நாற்றத்துக்குச் சந்தனத் துணி போதவில்லை. நடுநடுவே எள் முழுசாகத் தெரிந்தது.

"நம் கூழில் எள் ஏது?" அரசரின் குரல் உயர்ந்தது. "வறுத்த கறியும் எள்ளடையுமாகத் தின்றிருக்கிறான். கீரையைத் தொடவே இல்லை. நான் வாடிக் கிடக்க, என் கூரையின் கீழ் இப்படி ஒருவனா? இவனை இன்றே எல்லைக்கு அப்பால் விரட்டுங்கள். யார் இவன்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொல்ல அவள் வாய் திறந்தது. இத்தனை காலம் தூண் ஓரமாக நின்ற கால்கள், சத்தமாகச் சொல் என்றன. அவள் சொல்லவில்லை.

"மற்றவற்றைப் போல இதையும் தாங்களே நகர்த்திப் பாருங்கள், அரசே."

அரசர் குனிந்து சட்டியை நகர்த்தினார். செங்கல்லில் பெயர் இல்லை. ஒரு சின்னச் சிங்கம் வரைந்திருந்தது. அவருடைய முத்திரைச் சிங்கம். எவருக்கும் விலக்கில்லை என்ற ஆணையைக் கேட்டு, அவருடைய பள்ளியறையில் வைத்த சட்டியைப் பணியாள்தான் விடிந்ததும் கொண்டுவந்து தந்திருந்தான்.

கட்டிலுக்கடியில் இருந்த பேழையும் அதிலிருந்த எள்ளடையும் அரசரின் நினைவுக்கு வந்தன. கழுத்து சிவந்தது. அவர் நிமிர்ந்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை ஒளித்து வைத்ததைக் கண்டும் காணாததுபோல் இருக்கும் தாயைப் போல.

உத்தமராயர் கழுத்தை நீட்டினார். "யாருடையது, அரசே?"

அரசர் சட்டியைப் பழையபடி செங்கல்லின் மேல் வைத்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இவனை மன்னித்துவிட்டேன். இவன் போனால் நாட்டுக்கு ஆளில்லை. இன்று முதல் எல்லோரும் அவரவர் விருப்பம்போல் உண்ணலாம். மந்திரியாரே, உமது வயிறு உத்தமமானது. இந்த முத்துமாலை உமக்கு. மருதநங்கைக்கு அரியணையின் இடப்பக்கம் ஓர் ஆசனம் போடுங்கள்."

எல்லோரும் கலைந்த பிறகு உத்தமராயர் மட்டும் திரும்பி வந்தார். மருதநங்கை அந்தச் செங்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருடையது, அம்மையாரே?"

"உங்களுடையது இல்லை, மந்திரியாரே. உங்கள் அளவுக்கு உண்மையாக இருந்தவர் இங்கே யாருமில்லை. நானே அசந்துபோனேன். அது போதாதா?"

அவருக்குப் போதவில்லை.

அரசர் அதன் பிறகு உண்மையாகவே கூழ் குடித்தார். சில காலைகளில் முகம் தெளிந்து சபைக்கு வருவார். உட்காரும் முன் இடப்பக்கம் திரும்பி, மருதநங்கையைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். அவளும் தலையசைப்பாள். வலப்பக்கம் முத்துமாலையோடு உட்கார்ந்திருந்த உத்தமராயர், அந்தத் தலையசைப்பில் எந்த நாட்டின் மேல் படையெடுப்பு இருக்கிறது, எந்தப் பதவி கைமாறுகிறது என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தார்.