வெறுங்கரியும் சாணி வண்டும்

மண் கெட்டுப்போனது. கெடுத்தது ஒரு லாரி. முலாம் பூசும் பட்டறைக் கழிவை இரண்டு நடை கொண்டுவந்து குட்டைக்கரையில் கொட்டிவிட்டுப் போனது. ஈயமும் குரோமியமும் கலந்த சேறு. கரையிலிருந்த மண்புழுக்கள் செத்தன. அங்கே புல் தின்ற முயல்குட்டிகளில் இரண்டு செத்தன. மிச்சம் ஒன்று.

காட்டுக்கு அந்த ஒரு குட்டைதான். மழைக்கு இன்னும் இரண்டு மாதம். மழை பெய்தால் விஷம் கரையிலிருந்து வழிந்து தண்ணீரில் இறங்கிவிடும்.

"வேறு காட்டுக்குப் போய்விடலாம்!" என்றது மான்.

"நீ போ. உனக்கு நீளக் கால். என் குட்டியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இந்த மண்ணைச் சரிபண்ணாமல் நான் நகரமாட்டேன்!" என்றது தாய் முயல்.

மான் போய்விட்டது. காட்டுப்பன்றி உறுமியது.

"இதற்கா கலங்குகிறாய் தங்கச்சி? கண்டதைத் தின்று வயிறு கெட்டால் நான் கரியைக் கடிப்பேன். விஷத்தை உறிஞ்சிவிடும். காட்டோரத்தில் பழைய கரிமூட்டம் இருக்கிறது. நாளைக்கே முடித்துக் காட்டுகிறேன்!"

சொன்னபடி மூக்கால் தள்ளித் தள்ளிக் கரியைக் கொண்டுவந்து கொட்டியது. கரை கறுத்தது. பன்றி வாலை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

பத்து நாளில் மிஞ்சியிருந்த புல்லும் மஞ்சளானது. மண் தேறியதா என்று பார்க்க, புங்கமரத்தடி மண்புழுவை முயலும் பன்றியும் கூப்பிட்டுக் காட்டின. அது ஓரத்தில் தலையை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டது.

"இதில் நான் காலே வைக்கமாட்டேன்!"

"உனக்கு ஏதடா கால்?" என்று பன்றி சீறியது.

"இருந்தாலும் வைக்கமாட்டேன்!"

அந்த வழியாகச் சாணி வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"கரியைப் பட்டினியாகவா கொட்டினீங்க அண்ணே?"

"கரிக்கு என்னடி சோறு?"

"கரி முழுக்க நுணுக்கமான ஓட்டை. வெறுமையாகப் போட்டால் மண்ணின் சத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். முதலில் அதற்குச் சாணியும் நல்ல மண்ணும் ஊட்டணும். நல்ல மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கு. அவை ஓட்டைகளில் குடியேறும். கரியும் அவையும் சேர்ந்தால் விஷத்தை இறுக்கிப் பிடிக்கும். புல்லுக்கு ஏறவிடாது."

"எத்தனை நாள்?"

"முப்பது. அதுவரை ஈரம் காயக்கூடாது."

"முப்பதா! உருட்டுவது சாணி, பேச்சைப் பார்!"

"சாணி உருட்டுவதால்தான் தெரியுது. நான் முட்டையிடும் உருண்டை காய்ந்தால் என் புழு செத்துப்போகும். ஈரம் காப்பதுதான் என் வேலை."

முயல் பன்றியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆரம்பி அக்கா!" என்றது.

வண்டு கரையில் கிடந்த கரியை நொறுக்கியது. சாணியும் புங்கமரத்தடி மண்ணும் கலந்து நிழலில் உருட்டி வைத்தது. முயல் குட்டையில் முங்கி வந்து, நனைந்த உடம்பை உருண்டைகள்மேல் உதறியது. நாளுக்கு நாற்பது தடவை. கால் வெடித்தது. நிறுத்தவில்லை.

இருபதாம் நாள் மேகம் கூடியது.

"போதும், போட்டுத் தொலை!" என்று பன்றி கத்தியது.

"நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை," என்றது வண்டு. உருண்டையைத் தொடவிடவில்லை. மேகம் கலைந்தது.

முப்பதாம் நாள் வண்டு ஓர் உருண்டையை உடைத்து முகர்ந்தது. மழை விழுந்த மண்ணின் வாசம்!

"இப்போது உழுங்க அண்ணே!"

பன்றி முணுமுணுத்தபடி உழுதது. உருண்டைகள் மண்ணோடு கலந்தன.

இரண்டு வாரம் கழித்து மண்புழு தானாகவே உள்ளே இறங்கியது. வெளியே வரவில்லை. முயல் இரவெல்லாம் கரையிலேயே காத்துக் கிடந்தது. மறுநாள் காலை கரையில் அங்கங்கே குட்டிக் குட்டியாய், மண்புழு தின்று கழித்த மண் குவியல்!

பிறகு மழை கொட்டியது. விஷம் எங்கும் போய்விடவில்லை. மண்ணிலேயே கட்டுண்டு கிடந்தது. தண்ணீரில் இறங்கவில்லை. முயல் முதலில் தான் குடித்தது. ஒரு பகல் காத்திருந்தது. அப்புறம்தான் குட்டியைக் கூப்பிட்டது. குட்டி தள்ளாடினாலும் நடந்தே வந்தது.

மான் திரும்பி வந்தது. "யார் செய்த வேலை இது?"

பன்றி தொண்டையைக் கனைத்தது. "கரி கொண்டுவந்தது நான். சரிசெய்தது நான் இல்லை."

நல்ல மருந்தையும் பக்குவம் செய்யாமல் கொட்டினால் கேடுதான். பொறுத்திருந்து பக்குவம் செய்கிறவரே காரியத்தை முடிப்பார், இங்கே முடித்தது சாணி வண்டு.