இரண்டு கூட்டத்து நீர்நாய்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மனத்தில் ஒரு கேள்வி எழுந்துவிட்டால், விடை தெரியும்வரை அதற்கு இருப்புக்கொள்ளாது.

அந்தக் காட்டின் அரசனான சிங்கம் விலங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும். மழைக்காலம் நெருங்கியபோது மரங்கொத்தி வந்து அறிவித்தது.

"நீரில் வாழ்வோரே, வெள்ளம் வந்தால் ஆற்றை விட்டு வெளியேறக் கூடாது. வளையில் வாழ்வோரே, வெள்ளம் வந்தால் உடனே குன்றின்மேல் ஏறிவிட வேண்டும்."

மீன்களுக்குப் புரிந்தது. முயல்களுக்கும் புரிந்தது. நீர்நாய்தான் திகைத்து நின்றது. அது இரை தேடுவது ஆற்றில். குட்டிகளோடு உறங்குவது கரையோர வளையில். இரண்டு கூட்டத்திலும் அது இருந்தது.

பக்கத்து வளையில் இருந்த நண்டுக்கும் அதே நிலைதான்.

"நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று நீர்நாய் கேட்டது.

"எது சுலபமோ அதைச் செய்வேன். இந்தக் கால்களோடு யார் குன்று ஏறுவது?" என்றது நண்டு.

நீர்நாய்க்கு மனம் ஒப்பவில்லை. நேரே சிங்கத்தின் குகைக்குப் போயிற்று.

"இரண்டும் என் கட்டளைதான். இரண்டின்படியும் நட" என்றது சிங்கம்.

"மற்ற நாட்களில் அப்படித்தான் நடக்கிறேன், அரசே. நீர்த்துறையைக் கலக்காதே என்கிறது ஒன்று. மர வேரைத் தோண்டாதே என்கிறது மற்றொன்று. இரண்டுக்கும் கட்டுப்பட முடிகிறது. ஆனால் வெள்ளத்தின்போது ஆற்றிலும் குன்றிலும் ஒரே நேரத்தில் எப்படி இருப்பேன்?"

சிங்கம் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னது:

"கரையேறினால் மீன் செத்துவிடும் என்பதற்காக முதல் கட்டளையைச் சொன்னேன். நீயோ கரையிலும் உயிர் வாழ்வாய்; வளையில் உனக்குக் குட்டிகளும் இருக்கின்றன. ஆகவே, உன்னைப் போல் இரண்டு கூட்டத்திலும் இருப்போருக்கு, இரண்டும் மோதினால் வளைக் கூட்டத்தின் கட்டளையே மேலானது. மோதாத இடத்தில் இரண்டும் செல்லும்."

நீர்நாய் வீடு திரும்புவதற்குள் ஆறு செந்நிறமாகப் பொங்கத் தொடங்கியிருந்தது. அது ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குன்றுக்கு ஓடியது. மற்றதற்காகத் திரும்பி வந்தபோது, "நண்டே, குன்றுக்கு வந்துவிடு. நம்மைப் போன்றோருக்கு அதுதான் மேலான கட்டளையாம்" என்றது.

"ஆற்றில் இருக்கச் சொன்னதும் அரசர்தானே?" என்ற நண்டு அசையவில்லை.

வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து, நண்டையும் அடித்துக்கொண்டு போனது. நான்கு நாள் கழித்து, ஒரு கொடுக்கை இழந்த நண்டு மெல்ல ஊர்ந்து திரும்பியது. கரையில் நீர்நாய் தன் குட்டிகளுக்காகப் புது வளை தோண்டிக்கொண்டிருந்தது.

"நானும் அரசர் சொன்னபடிதானே நடந்தேன்?" என்று நண்டு கேட்டது.

"ஆமாம்" என்றது நீர்நாய். "அவர் சொன்ன இரண்டில் எது பெரிது என்றுதான் நீ கேட்கவில்லை."

நீதி: இரண்டு கட்டளைகள் மோதினால், சுலபமானதைப் பிடித்துக்கொள்ளாமல், மேலானது எது என்று கேட்டறிந்து நடக்க வேண்டும்.