அடுத்த தெருவுக்குப் பேசியவர்கள்

"எதை முதல்ல செய்ய, தலைவரம்மா?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். அவ்வளவு அவசரம்.

சண்முகவடிவு மடத்துச் சமையல்கட்டுக்கு வெளியே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நெடுங்குறிச்சிப் பேரூராட்சிக்குத் தலைவராக இருந்தவர். இப்போது மலையடிவாரத்து மடத்தில், வருகிறவர்களுக்குச் சோறு போடுவதோடு சரி. இப்போதைய தலைவர் இசக்கியப்பன்தான். வயதிலும் அவர்தான் மூத்தவர். ஆனால் இந்த அம்மாள் முன்னால் வந்து நின்றால் அவருக்குத் தன் பதவி மறந்துபோகும். அந்த அம்மாளுக்கும் மறந்துபோகும்.

"உக்காருங்க மெம்பரே. மொச்சை உரிக்கத் தெரியுமா, இல்ல அதுக்கும் டெண்டர் விடணுமா?"

உட்கார்ந்தார். உரித்தார்.

"அரசாங்கத்துல நிதி வந்திருக்கு. ஒரு வேலைக்குத்தான் பத்தும். தேரடித் தெருவுக்கு சிமெண்ட் ரோடு கேக்காங்க. ஓடைக்கரைக்குப் பாலம் கேக்காங்க. நாளைக்குக் கூட்டம்."

"தேரடித் தெருன்னா உங்க தெரு."

"ஆமா. அவங்கதான் என்னைய ஜெயிக்க வச்சாங்க. ரோடு வரலைன்னா உங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டான் என் மச்சினன் பூவலிங்கம். சொன்னா செய்வான். எம் பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான்."

"பாலம் வரலைன்னா?"

இசக்கியப்பன் கையிலிருந்த மொச்சையையே பார்த்தார்.

"ஓடைக்கரைக்காரங்க இனிமே எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. சண்டை போட்டாக்கூடத் தேவலை. கேக்காமலே இருந்துருவாங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"கூட்டத்துல தேரடித் தெருவுக்கு யாரு பேசுதா?"

"நான்தான்."

"ஓடைக்கரைக்கு?"

"தங்கப்பழம். நம்ம பழைய மெம்பர் மாடசாமி மக. அவதான இப்ப அங்க மெம்பர். அவ பேசுனா மைக்கு தாங்காது."

"நல்லது" என்றார் சண்முகவடிவு. அடுத்த காயை எடுத்து உரித்தார்.

இசக்கியப்பனுக்குப் பழைய கூட்டங்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது ஏசி அறை இல்லை, மைக் இல்லை. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒழுகுகிற கொட்டகை ஒன்று. மழை வந்தால் தலைவரும் மெம்பர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரே மூலைக்கு ஓடுவார்கள். டீ ஆறிப்போயிருக்கும். அதில் மழைத் துளியும் விழுந்திருக்கும். அதையும் குடித்துவிட்டுப் பேசுவார்கள்.

இந்த அம்மாள் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த மெம்பரும் தன் தெருவுக்காகப் பேசக் கூடாது. அடுத்த தெருவுக்காகத்தான் பேச வேண்டும். பேசுவதற்கு முன் அந்தத் தெருவுக்குப் போய், ஒரு வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்போது தேரடித் தெரு மெம்பராக இருந்த இசக்கியப்பன்தான் அதிகம் முணுமுணுத்தவர். பிறகு ஓடைக்கரையில் மாடசாமி வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுத் தொண்டை கட்டும்வரை பேசினார்.

அவருடைய தெருவுக்காக எழுந்து பேசியவர் மாடசாமி. "தேரடித் தெருவுல விளக்கு இல்ல. நம்ம மெம்பரோட அம்மா இருட்டுல கல்லு தட்டி விழுந்தாங்க. நாந்தான் தூக்கி விட்டேன். மகன்கிட்ட சொல்லாதேன்னாங்க. நான் சொல்லிட்டேன்."

பெற்ற தாய் விழுந்த சேதியை மகன் அந்தக் கொட்டகையில்தான் கேட்டார். அன்று அவர் அழுதார். மாடசாமி இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது.

"அந்தக் காலம் வேற, தலைவரம்மா" என்றார் இசக்கியப்பன். "இப்ப அடுத்த தெருவுக்குப் பேசுனா என் தெருவுல என்னைய உயிரோட விட மாட்டாங்க."

சண்முகவடிவு முறத்தை அருகில் இழுத்தார். உரித்த மொச்சையை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"தங்கப்பழத்துக்கிட்ட குடுத்துட்டுப் போங்க. ஓடை வழியாப் போங்க, பக்கம்."

*

ஓடையில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு தென்னந்தடி கிடந்தது. அதுதான் வழி.

காரில் சுற்றுப் பாதையாகவே வந்து பழகியவர், மொச்சைப் பையோடு அதன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். தடியின் மேல் வரிசையாக உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து அக்கரைக்குப் போனார்கள்.

"தாத்தா, உக்காந்து வாங்க!" என்று அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நின்னா தலை சுத்தும்."

நெடுங்குறிச்சிப் பேரூராட்சித் தலைவர் உட்கார்ந்து போனார். பாதி வழியில் வேட்டி எதிலோ மாட்டிக் கிழிந்தது. அக்கரையில் நின்ற தங்கப்பழம் பையை வாங்கிக்கொண்டாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு அவர் வீட்டில் மொச்சைக் குழம்பு. அவர் மனைவி ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து பரிமாறினாள். வேட்டி எங்கே கிழிந்தது என்று அவள் கேட்டாள். அவர் சொல்லவில்லை. காலுக்கு என்ன என்று அவர் கேட்கவே இல்லை. குழம்பு ருசியாக இருந்தது.

*

மறுநாள் கூட்டம். தேரடித் தெருவே வாசலில் வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் பூவலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இசக்கியப்பன் எழுந்தார். மைக்கைத் தொட்டார். பிறகு அதன் சுவிட்சை அணைத்தார்.

"ஓடைக்கரைக்குப் பாலம் வேணும்."

வாசலில் சலசலப்பு எழுந்தது.

"அத்தான்!" என்றான் பூவலிங்கம்.

"இரு மாப்ளே. அந்தப் பிள்ளைக பள்ளிக்கூட உடுப்பைப் பின்னாலருந்து பாத்திருக்கியா? அத்தனையும் தேஞ்சு கிழிஞ்சு கிடக்கு. சேட்டை பண்ணிக் கிழிக்கல. தடியில உக்காந்து நகந்து நகந்து கிழிஞ்சது. நேத்து என் வேட்டியும் கிழிஞ்சுது. நான் வேற வேட்டி வாங்கிருவேன்."

உட்கார்ந்தார். இனி மைத்துனன் வீட்டுப் பக்கம் வர மாட்டான் என்று தெரிந்தது. மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

தங்கப்பழம் எழுந்தாள்.

"அண்ணாச்சி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். தேரடித் தெருவுக்கு ரோடுதான் முதல்ல."

வாசலில் நின்றவர்கள் கதவருகே நெருங்கி வந்தார்கள்.

"நேத்துக் காலையில நான் மடத்துக்குப் போயிருந்தேன். எதை முதல்ல செய்யணும்னு தலைவரம்மாகிட்ட கேட்டேன். அவங்க மொச்சையைக் குடுத்து அண்ணாச்சி வீட்டுல குடுத்துட்டுப் போன்னாங்க. நான் தெரு முக்குல வாரேன். அண்ணாச்சி சம்சாரம், நம்ம மதினி, தண்ணிக் குடத்தோட சேத்துல வழுக்கி விழுந்தாங்க. யாரும் பாத்துட்டாங்களான்னு சுத்திப் பாத்துட்டு, தானாவே எந்திரிச்சாங்க. அப்புறம்தான் என்னைப் பாத்தாங்க. அவருக்கு ஆயிரம் சோலி, சொல்லாதேன்னாங்க. நான் சொல்லிட்டேன்."

அவள் அப்பா மாடசாமியின் குரல் அப்படியே இருந்தது. இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் பூவலிங்கம் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அக்கா விழுந்தது அவனுக்கும் தெரியாது.

"பாலத்தையே போடுங்க அத்தான்" என்றான். "நாங்க சேத்துல சல்லிக் கல்லைக் கொட்டிச் சமாளிச்சுக்கிடுதோம்."

"அதெப்படி? ரோடுதான் முதல்ல!" என்றாள் தங்கப்பழம்.

"ஏ, பாலம்தான்னு சொல்லுதேன்லா!" என்று கத்தினான் பூவலிங்கம்.

*

சாயங்காலம் இசக்கியப்பன் மடத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா மெம்பரே?"

"பாலம்னு முடிவாயிருச்சும்மா. ஆனா சண்டை ஓயல. ஓடைக்கரைக்காரங்க எல்லாரும் வந்து ரோட்டைப் போடுங்கங்காங்க. எங்க தெருக்காரங்க பாலத்தைப் போடுங்கங்காங்க. பூவலிங்கம் தொண்டை கட்டிப் போய் எங்க வீட்டுல உக்காந்து சுக்குத் தண்ணி குடிக்கான்."

மொச்சை உரித்துக்கொண்டிருந்த சண்முகவடிவின் கை நின்றது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"யாரு யாரு என்ன சொன்னாங்க? முதல்லருந்து சொல்லுங்க" என்றார்.