சக்கரத்துக்குப் போட்ட கட்டை

அந்த ஊர்த் தேர் சரிவில் இறங்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிறவன் நல்லதம்பி. இந்த வருசம் கட்டை தாங்கவில்லை. சக்கரம் அதை எற்றிவிட்டு அவன்மேல் ஏறிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், தேரடியில் கூடிய ஊருக்கு முன்னால் தர்மகர்த்தா சபாநாயகம் கையை விரித்தார்.

"கட்டை புதுசு, அசல் கருங்காலி. குடிச்சுட்டுக் கோணலாப் போட்டவன் தப்பு அது."

"அவுக குடிக்கவே மாட்டாக. அது கருங்காலியே இல்லை" என்றாள் நல்லதம்பியின் மனைவி தைலம்மை.

"அப்படியா? நிரூபிச்சுக் காட்டு. ஆனா அது சாமி சொத்து. வெட்டக் கூடாது, சுரண்டக் கூடாது, ஒரு கீறல் விழக் கூடாது."

கன்னங்கரேலென்று வர்ணம் பூசிய கட்டை அங்கேயே கிடந்தது. தைலம்மை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"சரிங்கய்யா. ஆனா ரத்தம் பட்ட கட்டையாச்சே, தீட்டோட தேர்கிட்ட வைக்கலாமா? குளத்துல ஒரு முழுக்குப் போட்டுத் தாரேன்."

"அதுதான் முறை" என்றார் அவர் பெருந்தன்மையாக. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் விலை மட்டும்தான்.

ரெண்டு பேர் கட்டையை உருட்டிக் குளத்தில் தள்ளினார்கள். கருங்காலி என்றால் கல் மாதிரி அடியில் போய் உட்கார வேண்டும். இது முங்கி எழுந்து, இலவமரத் துண்டாக மிதந்தது.

"ஐயா, உங்க கருங்காலி நீந்துது" என்றாள் தைலம்மை.

ஊர் மொத்தமும் தர்மகர்த்தாவைச் சூழ்ந்துகொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தில் இறங்கி, கட்டையைக் கரைக்கு இழுத்து, முந்தானையால் ஈரம் துடைத்தாள். அவன் கை கடைசியாகப் பிடித்திருந்தது அதைத்தான்.