அண்ணாச்சி நாற்காலி போட்ட இடம்

தூத்துக்குடியில் எங்கள் கிரிக்கெட் டீமுக்குச் செயலாளர் தங்கபாண்டி அண்ணாச்சி. நோட்டில் ஏறாத எதையும் மனுசன் நம்பமாட்டார். ஸ்டம்புக்கு நேர் பின்னால், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, இளநீரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் பயிற்சியின்போது, உப்பளத்தில் வேலை பார்க்கும் எங்கள் விக்கெட் கீப்பர் சிலுவைமுத்துவைப் பிடித்துக்கொண்டார். “இந்த சீசன்ல நீ பிடிச்சது ரெண்டே கேட்ச். வேற என்னல கிழிச்ச? நிரூபி, இல்லன்னா டீமை விட்டுப் போ.”

“சரி அண்ணாச்சி. ஒரு ஓவர் ஒதுங்கி நிக்கேன்” என்று சிலுவை கிளவுஸைக் கழற்றினான்.

வேகப்பந்து வீச்சாளன் ஓடிவரத் தொடங்கியதும், அண்ணாச்சி இளநீரைப் போட்டுவிட்டு நாற்காலியோடு ஓடினார்.

“ஏன் ஓடுதீய அண்ணாச்சி?” என்றான் சிலுவை.

“பந்து மூஞ்சில விழும்லா!”

“நாலு மாசமா அங்கனதான உக்காந்திருக்கீய. ஒண்ணாவது வந்துச்சா?”

அண்ணாச்சி நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டார்.

“மொதல்ல கிளவுஸ மாட்டுல. நான் உக்காரணும்.”