தட்டினால் விட வேண்டும்

குத்துச்சண்டையில் பெயரெடுத்த மதியழகன் முப்பது வயதுக்கு மேல் மல்யுத்தம் கற்க வந்ததற்குக் காரணம் எளிது. எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டையில் அவன் குத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. காலை வாரிக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மல்லாந்து கிடந்தால் புலியும் பூனையும் ஒன்றுதான்.

கற்றுக்கொடுத்தவர் ஜெயசுதா மாஸ்டர். வயதில் அவனைவிடச் சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே தூக்கிப் போடுவார்.

மதிக்கு எல்லாம் வந்துவிட்டது. தாழக் குனிந்து இரண்டு காலையும் சேர்த்து வாருவது, விழுந்தவன் எழாதபடி இடுப்பை அழுத்துவது, கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பூட்டுவது. பூட்டு தாங்காதவன் எதிராளியின் உடம்பில் தட்டுவான். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான்.

சனிக்கிழமை போட்டிக்கு மாஸ்டரின் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். ரூபன் போவதாக இருந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், மதியின் கூட்டாளி. போன வாரம் பயிற்சியில் மதி அவன் இடது கையைப் பூட்டியபோது தோளில் தசைநார் கிழிந்தது. மாஸ்டர் அப்போது வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதான், லேட்டா தட்டிட்டேன்" என்று ரூபனே எல்லோரிடமும் சொன்னான். இடம் மதிக்கு வந்தது.

ரூபன் லேட்டாகத் தட்டவில்லை. மதிக்கு அது தெரியும். பொறாமை; அதற்கு வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

வியாழக்கிழமை காலை கூடத்தில் மாஸ்டரும் அவனும் மட்டும் இருந்தார்கள்.

"மாஸ்டர், சனிக்கிழம என்கூட மோதப்போற கோயம்புத்தூர்க்காரன் விலாங்கு மாதிரி நழுவுறானாம். ஒரு தடவ பூட்டுனா கடைசி வரைக்கும் விடாம புடிக்கிறது எப்படி?"

"என் கையப் பூட்டுங்கண்ணா, பாப்போம்."

பூட்டினான். மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். விட்டான்.

"இன்னொரு தடவ."

இம்முறை மெதுவாகத் தட்டினார். அதற்கும் விட்டான்.

"இன்னொரு தடவ."

அதற்குள் கீழ்த்தளத்து மாவு மில் ஓடத் தொடங்கியிருந்தது. தரையே அதிர்ந்தது. மாஸ்டர் ஒற்றை விரலை அவன் விலாவில் வைத்தார், அவ்வளவுதான். மதியின் பிடி தானாக விலகியது.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார்.

"மில்லு ஓடுது. உடம்பெல்லாம் வேர்வ. எப்படிண்ணா தெரிஞ்சது?"

"தெரியாம எப்படி இருக்கும் மாஸ்டர்? ஈ உக்காந்தாக்கூட உடம்புக்குத் தெரியும்ல."

சொல்லி முடித்ததும் அவன் முகம் கறுத்தது. தவளை தன் வாயால் கெட்டது.

"ரூபன் எப்படித் தட்டுனான்?"

மதி தரையைப் பார்த்தான்.

"அவன்தான் லேட்டா தட்டுனேன்னு சொன்னானே மாஸ்டர்."

"நேத்து வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். கியர் போட கை வரல. வண்டிய வித்துடப் போறானாம். அப்பவும் அதையேதான் சொல்றான்."

ரூபன் ஊரைக் கூட்டித் திட்டியிருந்தால் பதிலுக்கு மதியும் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பாவி, அதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான்.

மில் நின்றது. மதி நகர்ந்து மாஸ்டருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"சனிக்கிழம என் கார்னர்ல எனக்குத் துணையா நிப்பீங்களா மாஸ்டர்?"

"நிப்பேன்."

அவனுக்குப் போன உயிர் வந்தது.

"கையில துண்டு வெச்சிருப்பேன். அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் தட்டுன உடனே உள்ள எறிஞ்சிடுவேன்."

"நம்ம பக்கத்துல துண்டு எறிஞ்சா நான் தோத்ததா ஆயிடுமே மாஸ்டர். ஜெயிக்கிற நேரத்துலயா எறிவீங்க?"

"ஆமாண்ணா. நீங்க விடுவீங்களா மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."